768 எல்இடியில் சிக்குக் கோலம்: இதுவரை நடந்தது

மார்கழிக்கு வீட்டு முகப்பில் மாட்ட ஒரு பெரிய எல்இடி பலகை செய்துகொண்டிருக்கிறேன். திருவிழா சீரியல் செட் மாதிரி படம் மாறி மாறி எரிந்தால் போதாது, மாவில் இழுப்பது போலவே கம்பி புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட வேண்டும், அதுதான் ஆசை.

மீட்டருக்கு 30 விளக்கு உள்ள டபிள்யூஎஸ்2812பி பட்டை (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றலாம்), சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. 5 மீட்டர் ரீலில் 150 விளக்கு, அதில் 32 விளக்குத் துண்டு நாலு வரும். ஆறு ரீலில் 24 வரிசை ஆயிற்று. ஏசிபி ஷீட்டில் (பெயர்ப்பலகைக்குப் போடும் அலுமினியத் தகடு) ஒட்டினால் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அகலம்.

புரோகிராம் பிறகு, முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கு முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும், 768-க்கும் சேர்த்தால் 46 ஆம்பியர். பட்டையில் இருக்கும் செம்போ தாள் மாதிரி. ஒரே முனையில் 5 வோல்ட் கொடுத்து ஒரு ரீலை மேசையில் எரியவிட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் பால் வெள்ளை, போகப் போக மஞ்சள், கடைசியில் நல்ல ஆரஞ்சு. ஒரு விளக்குக்குள் இருக்கும் மூன்று நிறத்தில் நீலமும் பச்சையும் எரிய 3 வோல்ட் பக்கம் வேண்டும், சிவப்புக்கு 2 போதும், அதனால் வோல்டேஜ் இறங்கினால் சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே பலகையின் இரண்டு ஓரத்திலும் வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் வயரை மேலிருந்து கீழே இறக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இரு முனையிலும் பவர் கொடுத்துவிட்டேன். சால்டரிங் செய்து கழுத்து பிடித்துக்கொண்டது, ஆனால் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. வீட்டுக் கரண்டை 5 வோல்ட்டாக்கித் தரும் 40 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று, விளக்குகளை ஓட்டும் ஃபாஸ்ட்லெட் என்ற புரோகிராம் லைப்ரரியில் உச்சவரம்பு 30 ஆம்பியர். கோலத்தில் பாதி விளக்குகூட எரியாது என்பதால் அதுவே தாராளம்.

அப்புறம் டேட்டா, அதாவது எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்லும் சிக்னல். அதை அனுப்பும் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சிப் தருவது 3.3 வோல்ட், இந்த விளக்கு கேட்பது 3.5. நேராகக் கொடுத்தாலும் பல நேரம் எரியும், அதுதான் வம்பு, மேசையில் ஒழுங்காக இருப்பது மாடிக்குப் போனதும் மினுக்க ஆரம்பிக்கும். நடுவில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் ஒரு 74ஏஹெச்சிடி125 ஐசி போட்டால் தீர்ந்தது. டேட்டா அனுப்ப ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ செகண்ட், மொத்தத்துக்கு 23 மில்லி செகண்ட், ஒரே லைனில் விட்டாலும் வேகம் போதும். ஆனாலும் எட்டெட்டு வரிசையாக மூன்று லைன் பிரித்தேன். டேட்டா விளக்குக்கு விளக்கு கைமாறிப் போவதால், ஒரு விளக்கு செத்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இருட்டு, மூன்றில் ஒரு பங்கோடு போகட்டும்.

கோலத்துக்கு அம்மாதான் ஆலோசகர். “கம்பி புள்ளிய தொடக் கூடாதுடா, தொட்டா அசிங்கம்” என்றார். அதனால் புள்ளிக்குப் புள்ளி நாலு விளக்கு தூரம். நடுவில் கம்பி ஓடினாலும் இருபக்கமும் ஒரு விளக்கு அணைந்திருக்கும். ஐந்து புள்ளிக்கு 21 வரிசை, 24-க்குள் அடங்குகிறது. வரையும் விதி ரொம்பச் சின்னது. கம்பி எப்போதும் மூலைவாட்டில் போகும், இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும்போது ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம், இல்லை சுவரில் மோதிய பந்து மாதிரி திரும்பலாம். எங்கே வெட்டு, எங்கே திரும்பல் என்ற பட்டியலை மட்டும் மாற்றினால் புதுக் கோலம். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி குழுவினர் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்திருக்கிறார்கள், ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படியுங்கள்.

இப்போது 1-3-5-3-1 ஓடுகிறது. கிட்டே நின்றால் படிக்கட்டு மாதிரி தெரியும் ஓரம், முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் வைத்துத் தெருவிலிருந்து பார்த்தால் நன்றாகவே வளைகிறது. வலது பக்கம் மீதமுள்ள பதினொரு பத்தியில் மார்கழித் தேதி வரும், அதன் புரோகிராம் பாதி எழுதியாயிற்று. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மழை படாத, காற்று போகிற பெட்டி பாக்கி. அம்மா அதற்குள் தேர்க்கோலம் கேட்கிறார். 24 வரிசையில் அது அடங்காது, இன்னும் நாலு ரீலாவது வேண்டும்.