பாலத்துக்குக் கீழே 78 அடி

விமானத்தில் அடைத்துக்கொண்ட காது இரண்டு நாளாகியும் திறக்கவில்லை. அந்தக் காதோடுதான் நியூயார்க்கில், ஆற்றின் இரு கரையிலும் உள்ள மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் புரூக்ளின் பாலத்தில் நடந்தேன். வழியெல்லாம் நான் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்ததைப் பார்த்துவிட்டு, "போரடிக்குதாப்பா?" என்றாள் மகள்.

போரடிக்கவெல்லாம் இல்லை. எல்லாரும் அண்ணாந்து கம்பிவடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கோபுரங்களின் அடிக்கால் எப்போது கண்ணில் படும் என்றிருந்தது. மன்ஹாட்டனில் ஏறி, புரூக்ளின் பக்கம் இறங்கி, பழைய படகுத்துறைக்குப் போனதும் தெரிந்தது. நீருக்கு மேலே கல், சரி. அதற்கும் அடியில், ஆற்றுத்தரைக்குக் கீழே, மரம் இருக்கிறது.

டம்ளரைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று தங்குமே, அதே கணக்கு. தெருவளவு அகலத்தில் அடியில்லாத ஒரு மரப்பெட்டி, கெய்சன் என்பார்கள். புரூக்ளின் பக்கத்துப் பெட்டி 168 அடி நீளம், 102 அடி அகலம். உள்ளே காற்றை அழுத்தி நிரப்பித் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். ஆட்கள் உள்ளே நின்று சேற்றையும் பாறையையும் வெட்ட வெட்ட, தலைக்கு மேல் கோபுரம் எழும்பும். அந்தப் பாரத்தில் பெட்டி கீழே இறங்கிக்கொண்டே போகும்.

1870இல் ஆரம்பித்த வேலை. இறங்கியவர்களில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதிகம். நாள் கூலி 2 டாலர்; ஆழம் கூடியதும் 25 சென்ட் கூட்டினார்கள். முதலில் ஓர் இரும்பு அறையில் அடைத்து வால்வைத் திறப்பார்கள். காற்று சீறிக்கொண்டு வரும், காது வலி உயிர்போகும். (விமானக் காதுக்கே நான் இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.) அப்புறம் உள்ளே புழுக்கம், கணுக்கால் சேறு. குரல் கீச்சென்று மாறிவிடும். விசில் அடிக்க வராது.

எங்கள் ஊரில் பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. இங்கே நேர்மாறு. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாலும் அழுத்தக் காற்றில் மறுபடி பற்றிக்கொள்ளுமாம். 1870 டிசம்பரில் அப்படியொரு மெழுகுவர்த்தி கூரை இடுக்கில் பிடித்து, தீ மரத்துக்குள்ளேயே புகைந்தது. கடைசியில் பெட்டியையே தண்ணீர் விட்டு நிரப்பித்தான் அணைத்தார்கள்.

மன்ஹாட்டன் பக்கம் இன்னும் மோசம். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கைகால் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். சிலருக்குக் கால் விளங்காமல் போனது. கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் நுரை பொங்குவதைப்போல, ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். மெதுவாக, மணிக்கணக்கில் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டிவந்திருந்தால் தப்பலாம். அன்று அது யாருக்கும் முழுசாகத் தெரியாது. சில நிமிடங்களில் வெளியே விட்டு, கையில் சூடான காப்பியைக் கொடுத்தார்கள். வேலைத்தளத்து மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 நோயாளிகளைக் குறித்துவைத்தார்.

ஆழம் கூடக்கூட வேலை நேரத்தைக் குறைத்து, கடைசியில் நாளுக்கு இரண்டு தடவை, இரண்டிரண்டு மணி நேரம் என்று ஆக்கினார்கள். 1872 ஏப்ரலில் சாவு விழ ஆரம்பித்தது. மே மாதம் ஆட்கள் 3 டாலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். எல்லாரையும் நீக்கிவிடுவோம் என்று மிரட்டியதும் சில நாளில் திரும்ப இறங்கிவிட்டார்கள். கேட்டது பெரிய தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. அதே மாதம் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 78 அடியில் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். அடிப்பாறை இன்னும் கீழே இருந்தது. மன்ஹாட்டன் கோபுரம் இன்றைக்கும் இறுகிய மணல் மேல்தான் நிற்கிறது.

ரோப்ளிங்கும் அந்த நோயில் விழுந்தவர்தான். கொலம்பியா ஹைட்ஸ் வீட்டு ஜன்னலில் இருந்தபடி தொலைநோக்கியில் வேலையைப் பார்த்தார்; மனைவி எமிலி சேதி சுமந்தார். எமிலிக்குப் பாலத்தில் வெண்கலப் பலகை உண்டு, நானும் நின்று படித்தேன்.

1883 மே 24 அன்று திறப்பு விழா. அது அன்று அயர்லாந்தையும் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டனின் விக்டோரியா ராணியின் பிறந்தநாளும்கூட என்பதால் ஐரிஷ்காரர்கள் கொதித்துப்போனார்களாம். அத்தனை வருஷம் கீழே பட்ட பாட்டுக்கு மேல் இது வேறு.

படகுத்துறைப் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு கொட்டாவி வந்தது. டப்பென்று காது திறந்தது. தலைக்கு மேலே பாலத்தில் ஓடும் வண்டிகளின் இரைச்சல், அவ்வளவு நேரம் எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்து விழுந்தது.