ஒப்பந்தத்துக்கு ஏழு மாதம்

நியூயார்க் மாநிலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நெஞ்சில் ஒட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்றைச் செய்தோம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தில் வெள்ளி மையால் மின்தடங்களை அச்சிட்டு, 50 மைக்ரானுக்கும் கீழே தேய்த்த சிலிக்கான் சிப்பை அதன்மேல் பொருத்த வேண்டும். பாதி அச்சு, பாதி சிலிக்கான் என்பதால்தான் இதை நெகிழும் ஹைப்ரிட் (கலப்பு) மின்னணுவியல் என்கிறார்கள்.

2015-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், இந்தத் துறைக்கான நெக்ஸ்ட்ஃபிளெக்ஸ் என்ற கூட்டு ஆய்வு அமைப்பு அமைந்தபோது அமெரிக்க அரசு 7.5 கோடி டாலர் தந்தது. அதைவிடக் கூடுதலாக அதில் சேரும் கூட்டாளிகள் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் திட்டத்திலும் நிறுவனம் சொந்தப் பணம் போட்டது. அதனால் காப்புரிமையில் அவர்கள் பிடிவாதமாக இருந்தது நியாயம்தான்.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் மூன்று வாரத்தில் முடிந்தது. காப்புரிமை, கட்டுரை வெளியீடு எல்லாம் பேசும் முதன்மை ஒப்பந்தத்துக்கு ஏழு மாதம் ஆனது. எங்கள் மையின் கலவை திட்டத்துக்கு முன்பே எங்களுடையது. அதை முதல் வரைவில் எழுதாமல் விட்டதில் மட்டும் இரண்டு மாதம் போனது. யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு பக்கப் பட்டியலை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். கட்டுரை வெளியிடும் முன் படித்துப்பார்க்க அவர்கள் 180 நாள் கேட்டார்கள், நாங்கள் 30 என்றோம். 60-இல் முடிந்தது. ஆய்வேட்டுக்கு அந்தத் தடை கிடையாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தோம். மாணவர்களுக்கு அந்த வரி உயிர்.

அப்புறம் வேலை. சிப்பைத் தடத்தோடு இணைக்க உருக்கும் உலோகக் கலவைதான் சால்டர்; ஈயமில்லாத வழக்கமான சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு வெகு முன்பே பெட் சுருங்கிவிடும். சரி, 120 டிகிரியில் இறுகும் வெள்ளிப் பசைக்கு மாறினோம். ஆனால் உருளையில் சுற்றி வளைத்தால், சிப்பின் விளிம்பில் தடம் விரிசல் விட்டது. கெட்டியான சிப்பும் நெகிழும் படலமும் சேருமிடத்தில்தான் இழுவிசை குவிகிறது.

நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் வந்து இரண்டு நாள் எங்கள் ஆய்வகத்திலேயே உட்கார்ந்தார். மேலே இன்னொரு படலம் ஒட்டி மின்தடங்களைத் தடிமனின் நடுவுக்குக் கொண்டுவந்தார். வளைக்கும்போது நடு அடுக்கு நீளாது, சுருங்காது. விளிம்பைச் சுற்றி நெகிழும் பிசினும் பூசினார். ஏழெட்டு மின்னஞ்சலில் புரியாதது அன்று மாலையே புரிந்தது. பட்ஜெட்டில் அவர்களுடைய பயணச் செலவை மறக்காமல் எழுதுங்கள்.

கட்டுரையை அனுப்பினோம். 41-ஆம் நாள் சம்மதம் வந்தது. சிப்பின் தடிமனையும் பிசினின் பெயரையும் மட்டும் எடுக்கச் சொன்னார்கள்.