பழைய பாட்டா, புதிய பாட்டா: முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள்

"அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இனி வருமா?" என்ற வாதம் பெரும்பாலும் தொடங்கும்போதே கோணலாகிவிடுகிறது. ஒரு பக்கம் ஐம்பது வருடம் சலித்துத் தங்கிய பாட்டுகள், மறுபக்கம் இந்த வாரம் வந்த அத்தனையும். அமெரிக்காவின் வாராந்திர ஹிட் பாட்டுப் பட்டியலான பில்போர்ட் ஹாட் 100, 1958 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் எழுபதுகளின் ஏதோ ஒரு வாரத்தை எடுத்து, ஒன்றிலிருந்து நூறு வரை விடாமல் கேட்டுப் பாருங்கள். காலம் எவ்வளவு சுமாரான பாட்டுகளைக் கழித்துக் கட்டியிருக்கிறது என்று புரியும். முழுப் பட்டியலுக்கு எதிரே முழுப் பட்டியலை வைப்பதுதான் நியாயம்.

அடுத்த கோணல் சத்தம். வாதத்தைக் கெடுப்பதில் இதுதான் முதலிடம். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் என்னும் அடித்தொனியும் கீச்சென்ற மேல் ஒலிகளும் மங்கிவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பாட்டு "நல்லா இருக்கு" என்றே தோன்றும், காரணம் சொல்லத் தெரியாது. எண்பதுகளின் நடுவில் வந்த சிடிக்களில் சராசரி சத்தம் தோராயமாக -16, -18 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவை; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). இரண்டாயிரங்களில் அது -8 பக்கம் வந்துவிட்டது. சிடியின் உச்ச அளவு மாறவே இல்லை. உச்சத்தை வெட்டி அடக்கும் லிமிட்டரை வைத்து டிரம்ஸ் அடியின் முனையைத் தட்டையாக்கி, மற்ற எல்லாவற்றையும் மேலே தூக்கினார்கள். பாட்டு மெலிந்து தொடங்கி வீங்கி எழும் இடம் அதில்தான் செத்தது. மெட்டாலிக்கா ராக் குழுவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னடிக்' இதற்குத் தெளிவான சாட்சி. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் குறைவான கம்ப்ரஷனோடு, அதாவது சத்த ஏற்றத்தாழ்வைக் குறைவாக இறுக்கி, வந்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொதித்தார்கள். வாசித்த கைகள் அவைதாம், கெட்டது பின்னால் சத்தத்தை இறுக்கியதில்.

சோதிக்க ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருள் போதும். இரண்டு பாட்டையும் தனித்தனி ட்ராக்கில் ஏற்றி, சத்தத்தைச் சமமாக்கும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் -23 எல்யூஎஃப்எஸ் கொடுங்கள். -14 வைத்தால் பழைய பாட்டின் உச்சங்கள் பூஜ்யம் என்ற மேல் எல்லையைத் தாண்டிக் கரகரக்கும், பழி பாட்டின் மேல் விழும். பிறகு பத்துப் பதினைந்து வினாடித் துண்டுகளாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். பழையதற்கு எந்தப் பதிப்பு என்று பார்ப்பது அவசியம். ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது பல நேரம் பின்னாளில் மீண்டும் மெருகேற்றி இறுக்கப்பட்ட ரீமாஸ்டர் பதிப்பு. முதல் சிடி எப்போதும் மேல் என்றும் சொல்ல முடியாது, சிலவற்றை மூல டேப்புக்குப் பதிலாக நகலின் நகலிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

எதில் கேட்கிறோம் என்பதும் தீர்ப்பை மாற்றும். இன்றைய பாட்டின் உயிர் பலமுறை 40 முதல் 60 ஹெர்ட்ஸில், அதாவது ஆழமான பாஸில், இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது வெளியே வரவே வராது. அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு காதிலும் வாத்தியம் மறு காதிலும் நிற்கும், ஹெட்போனில் விசித்திரமாக இருக்கும். ஆகவே இரண்டையும் நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள்.

இத்தனையும் சரி செய்த பிறகும் மிஞ்சும் வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம். தாளத்தைப் பாருங்கள். முதல் தட்டைப் பூஜ்யமாக வைத்து 40 தட்டு போகும் நேரத்தைப் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளங்கள். நிமிடத்துக்கு 120 என்றால் சரியாக 20 வினாடி. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் சேர்ந்து வாசித்த பழைய பதிவு முடிவில் 124ஐத் தொட்டிருந்தால் 19.4 வினாடிக்குள் முடிந்துவிடும். இருபது தட்டு மட்டும் எண்ணினால் விரல் பிழையே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடலாம். அந்தச் சின்ன வேகமேற்றம் தவறல்ல, ஆட்கள் சூடாகிவிட்டார்கள் என்பதன் தடம். கணினியின் தாளக் கட்டத்தில் தட்டுக்குத் தட்டு ஒட்டி வைத்த பாட்டில் அது கிடைக்காது.

குரலும் அப்படித்தான். 1997ல் வந்த, குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளில் ரீடியூன் வேகத்தை, அதாவது திருத்த எடுக்கும் நேரத்தை, பூஜ்யமாக்கினால் சுரத்துக்குச் சுரம் வழுக்கும் குழைவு அறுந்துபோகும். சில பத்து மில்லிவினாடி விட்டுக்கொடுத்தால் குழைவு பிழைக்கும். விட்டுக்கொடுக்கப் பொறுமை இல்லாததுதான் பல பாட்டுகளின் நோய்.

முன்னிசை சுருங்கியதற்கு இசைஞர்களை மட்டும் திட்டுவது சரியில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்காகும், அதற்குள் கேட்பவரைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கியது, அன்றைய பாட்டின் நீளத்தை அதுவே தீர்மானித்தது.

என் தீர்ப்பு இதுதான். மெட்டு தூரம் போய்த் திரும்புவதிலும் பாட்டின் நடுவே புதுக் கதவு திறப்பதிலும் பழையவை முன்னே. ஒரு ஒலியின் நிறத்தைச் செதுக்குவதிலும், அடித்தளத்து பாஸிலும், குரலுக்கும் தாளத்துக்கும் இடையே விடும் வெற்றிடத்திலும் இன்றைய நல்ல தயாரிப்பாளர்கள் செய்வதை எழுபதுகளின் 16 ட்ராக் டேப்பில் செய்திருக்கவே முடியாது.