பென்ஸ் லாரியும் நகராத பைலட் பேரிங்கும்

அப்பா ஓட்டிய 1967 மாடல் டாட்டா மெர்சிடிஸ் லாரியை விற்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். டெல்கோவும் (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் தொடங்கிய கூட்டு 1969-இல் முடிந்த பிறகுதான் முகப்பில் டாட்டாவின் 'டி' வந்தது. எங்கள் வண்டியில் இன்னும் மூன்று முனை நட்சத்திரம்தான், ஊருக்கும் அது பென்ஸ் லாரிதான்.

போன மாதம் கிளட்சை முழுக்க மிதித்தும் முதல் கியர் கரகரவென்று கத்தியது. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் எல்லாம் பரவாயில்லை, ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற பைலட் பேரிங் கிரீஸ் காய்ந்து இறுகிக் கிடந்தது. கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனி அதற்குள்தான் உட்காரும். கிளட்சை மிதித்தால் இன்ஜின் சுற்ற வேண்டும், ஷாஃப்ட் நிற்க வேண்டும். பேரிங் இறுகிவிட்டால் ஷாஃப்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும், அப்புறம் கியர் எப்படி விழும்?

கழற்றுவதுதான் பெரும்பாடு. கிராங்க் ஷாஃப்ட் கடைசியில் மூடிய குழிக்குள் இருப்பதால் பின்னாலிருந்து தட்ட வழியில்லை. பேரிங்கைக் கவ்வி இழுக்கிற புல்லர் இரண்டு முறை வழுக்கியது. நான் உளியை எடுத்ததும் பட்டறை அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "குழியில கீறல் விழுந்தா புது பேரிங் சரியா உக்காராது தம்பி." கேஸ் வைத்துச் சுடவும் விடவில்லை, பக்கத்திலேயே ஆயில் சீல் இருக்கிறது.

பேரிங் ஓட்டைக்குக் கச்சிதமாக ஒரு இரும்புக் கம்பியை லேத்தில் கடைந்து வாங்கினோம். முதலில் பேரிங் ஓட்டை வழியாகக் குழிக்குள் கிரீஸை அடைத்து, கம்பியை அதில் வைத்துச் சுத்தியலால் அடித்தபோது, குண்டுகளின் இடுக்கு வழியாக அது பிதுங்கி வெளியே வந்துவிட்டது. சரி என்று அதைத் துடைத்துவிட்டு, பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாகத் திணித்து அடித்தோம். ஈரத்தாள் அந்த இடுக்கில் நுழையாது, ஒதுங்கவும் இடமில்லை, அதனால் அடிக்கிற வேகம் அப்படியே திரும்பி பேரிங்கின் முதுகைத் தள்ளும். நாலாவது தடவை அடைத்து அடிக்கும்போது சத்தமே மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பேரிங் விளிம்பைச் சுற்றி நூல் கனத்துக்குப் பளபளவென்று ஒரு வெள்ளிக்கோடு. அப்பா இருந்திருந்தால் கூப்பிட்டு அதைக் காட்டியிருப்பேன்.

இன்னும் இரண்டு உருண்டை, பேரிங் கையோடு வந்துவிட்டது. குழியில் ஒரு துணுக்குத் தாள்கூட இல்லாமல் வழித்தெடுத்தோம். புது பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்திருந்து, வெளி வளையத்தில் மட்டும் தட்டி இறக்கினோம். மறுநாள் மாலை முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.