ராயல்டி யாருக்கு, கூலி யாருக்கு

ஆத்தூர் பக்கம் பருத்தி விதை உற்பத்தியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து வீரிய ஒட்டு விதை எடுக்கும் வேலை. அதற்குக் கம்பெனி தரும் ஆண், பெண் பெற்றோர் விதை இரண்டையும் விவசாயிக்குக் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அறுவடை வரைக்கும் காட்டைச் சுற்றி வர வேண்டும்.

பி.டி. பருத்தி, அதாவது காய்ப்புழுவைத் தடுக்கப் பாக்டீரியா மரபணு சேர்த்த பருத்தி என்றால் எல்லோரும் அந்த மரபணுவைப் பற்றித்தான் பேசுவார்கள். காட்டில் நான் பார்த்தது விரல் நகத்தை. பெண் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேடிப் பிடித்து, இதழையும் மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிட்டு, அடையாளத்துக்குச் சிவப்புக் காகிதம் சுற்றுவார்கள். இது சாயங்கால வேலை. காலையில் ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து, கிள்ளிய பூவின் சூல்முடியில் தேய்க்க வேண்டும். வாரக்கணக்கில் இதேதான், பெரும்பாலும் பெண்கள். கிள்ளாமல் விட்ட மொட்டு தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அது கலந்தால் தூய்மைச் சோதனையில் விதை அடிபடும். விவசாயிக்குப் பணம் வராது.

பெற்றோர் விதையில் ஒரு பிடிகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தம். "ஏங்க சார், நம்ம காட்டுல வெளஞ்சத நாமளே வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பிராண்ட் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம் என்கிறது. ஆனால் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் அடுத்த தலைமுறை செடிக்குச் செடி வேறாக நிற்கும். சட்டம் தந்த உரிமை பருத்திக்காரருக்குக் கைக்கு எட்டவில்லை.

காப்புரிமைக் கதை இன்னும் வேடிக்கை. 2002இல் வந்த முதல் பி.டி. மரபணுவான போல்கார்டுக்கு, அதை உருவாக்கிய அமெரிக்கக் கம்பெனி மான்சான்டோ இந்தியாவில் காப்புரிமையே வைத்திருக்கவில்லை. ஆனாலும் விதைக் கம்பெனிகளோடு போட்ட உரிம ஒப்பந்தம் வழியாக ராயல்டி என்ற மரபணுக் கட்டணம் வசூலானது. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு விற்றது. ஆந்திர அரசு 2006இல் ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போன பிறகுதான் அது 750க்கு இறங்கியது. அடுத்து வந்த இரண்டாம் போல்கார்டுக்குக் காப்புரிமை இருந்தது. நுசிவீடு என்ற இந்திய விதைக் கம்பெனியோடு நடந்த வழக்கில் அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, மறுபடி விசாரிக்க அனுப்பியது. கடைசியில் இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள். ஆராய்ச்சிக்குக் கூலி கேட்பதில் எனக்குச் சண்டை இல்லை. காப்புரிமை இல்லாத சரக்குக்கும் அதே கூலி வாங்கியதில்தான் சண்டை.

2016இல் மத்திய அரசு இரண்டாம் போல்கார்டு பாக்கெட் விலையை 800 ரூபாய் என்றும், அதற்குள் மரபணுக் கட்டணத்தை 49 என்றும் நிர்ணயித்தது. அதற்கு முன் கட்டணம் சுமார் 163. அந்தப் பருவம் விதை விளைவித்த விவசாயிக்கு எங்கள் கம்பெனி தந்த கொள்முதல் விலை ஏறவில்லை. அரசாங்கம் விலையைக் குறைத்துவிட்டதே என்றார் மேலாளர். ராயல்டியும்தானே குறைந்திருக்கிறது, அதில் கொஞ்சம் கிள்ளுகிற கைக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன். அதெல்லாம் ஹெட் ஆபீஸ் விஷயம், போய் வேலையைப் பார் என்றார்.