பதினைந்து சீட்டுகள்: ஐ.நா. பொதுச்செயலாளர் தேர்வு, 2015–16 நாட்குறிப்பு

2015 டிசம்பர் 15

ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளுக்கும் இன்று ஒரு கடிதம் போயிருக்கிறது. கையெழுத்து இரண்டு பேருடையது: பொதுச்சபைத் தலைவர் மோகென்ஸ் லூக்கெடோஃப்ட், இந்த மாதம் பாதுகாப்புச் சபைத் தலைமையில் இருக்கும் அமெரிக்கத் தூதர் சமந்தா பவர். அடுத்த பொதுச்செயலாளர் பதவிக்கு ஆட்களை முன்மொழியுங்கள் என்கிறது கடிதம். எழுத்தில் இப்படி ஓர் அழைப்பு போவது இதுவே முதல் தடவை.

இத்தனை காலம் இல்லாமல் போனதற்குக் காரணம் சாசனத்திலேயே இருக்கிறது. 97ஆம் பிரிவு, பாதுகாப்புச் சபையின் பரிந்துரைப்படி பொதுச்சபை நியமிக்கும் என்பதோடு நின்றுவிடுகிறது. யார் முன்மொழிவது, எப்போது, எந்தத் தகுதியில் என்று ஒரு வரியும் கிடையாது. ஒரே ஒரு பெயர் வந்தால் நல்லது என்று 1946 ஜனவரியில் பொதுச்சபையே தீர்மானம் போட்டுத் தன் கையைக் கட்டிக்கொண்டது. கடந்த செப்டம்பரில் நிறைவேறிய 69/321 தீர்மானம்தான் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இந்தக் கடிதத்துக்கு வழிவிட்டது.

கடிதத்தில் ஒரு குறை. ஜூலை இறுதிக்குள் பாதுகாப்புச் சபை தேர்வைத் தொடங்கும் என்கிறார்கள், ஆனால் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி வைக்கவில்லை.

2016 பிப்ரவரி 29

போர்த்துகல் அந்தோனியோ குட்டெரெஸை முன்மொழிந்துவிட்டது. 1995 முதல் 2002 வரை பிரதமர், பிறகு பத்தாண்டு ஐ.நா. அகதிகள் ஆணையர்.

முன்மொழிவின் நடைமுறை சின்னது. அரசின் கடிதம் ஒன்று, வேட்பாளரின் தன்விவரம் ஒன்று. நியூயார்க்கிலுள்ள அந்நாட்டுத் தூதர் இரண்டு சபைகளின் தலைவர்களுக்கும் சேர்த்துக் கொடுப்பார், அவர்கள் எல்லா நாடுகளுக்கும் சுற்றுக்கு விடுவார்கள். கடினமான வேலை கடிதத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சபையில் வீட்டோ, அதாவது தடுப்புரிமை, உள்ள ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) தலைநகரங்களுக்கும் போய், "இவர் வந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்க வேண்டும். "ஆதரிப்பீர்களா?" என்று கேட்டால் வழுவழுவென்று பதில் வரும், ஆட்சேபத்தைக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பிரெஞ்சு பேசத் தெரியாதவரைப் பாரிஸ் விரும்பாது என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. குட்டெரெஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவருக்குள்ள தடை வேறு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இதுவரை ஒருவரும் இந்தப் பதவிக்கு வந்ததில்லை, இந்த முறை எங்களுக்கு என்று அந்தக் குழு உரிமை கோருகிறது. பெண் வர வேண்டும் என்ற குரலும் வலுவாக இருக்கிறது. போர்த்துகல் இரண்டு அலைகளுக்கும் எதிராக நீந்துகிறது. ஆனால் கிழக்கு ஐரோப்பா ஒரே பெயரில் நிற்கவில்லை, அதுதான் லிஸ்பனுக்கு வாய்ப்பு.

ஏப்ரல் 14

மூன்று நாளில் ஒன்பது வேட்பாளர்கள் பொதுச்சபை உறுப்பினர்கள் முன் வந்து போனார்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம். முதலில் சுருக்கமான உரை, பிறகு நாடுகளின் கேள்விகள், எல்லாம் இணையத்தில் நேரலை. முன்பெல்லாம் இந்த வேட்பாளர்களை மூடிய கதவுக்குப் பின்னால்தான் எடைபோட்டார்கள்.

சபையில் எடுபடுவது எது என்பதும் தெரிந்துவிட்டது. எழுதிவைத்ததைப் படித்தவர்கள் கேள்வி நேரத்தில் தடுமாறினார்கள். குட்டெரெஸ் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று மாறி மாறிப் பதில் சொன்னார், அகதி முகாம்களில் பார்த்ததிலிருந்து பேசினார். இதற்கு வாக்கு எண்ணிக்கையில் நேரடி மதிப்பில்லைதான். ஆனால் சபையே பாராட்டிய ஒருவரை ரகசியமாகத் தடுக்கும் நாடு, ஏன் தடுத்தாய் என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஜூலை 21

பாதுகாப்புச் சபையில் முதல் மாதிரி வாக்கெடுப்பு, முறைப்படியான வாக்கெடுப்புக்கு முன் ஆதரவை அளந்து பார்க்கும் ரகசிய ஒத்திகை. பன்னிரண்டு வேட்பாளர்கள், பதினைந்து உறுப்பினர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நாடும் மூன்றில் ஒன்றைக் குறிக்கும்: ஆதரவு, எதிர்ப்பு, கருத்தில்லை. குட்டெரெஸ் 12–0–3. ஸ்லோவேனியாவின் டனிலோ டர்க் 11–2–2. யுனெஸ்கோ தலைவர் இரினா பொகோவா 9–4–2. குரோஷியாவின் வெஸ்னா பூசிச் 2–11–2, கடைசி இடம்.

முடிவை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை, அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. வாக்கெடுப்பு நடந்தது என்று மட்டும் தனக்குத் தகவல் வந்ததை லூக்கெடோஃப்ட் வெளிப்படையாகக் குறை கூறியிருக்கிறார். கூறத்தான் வேண்டும்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சீட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எதிர்ப்பு யாருடையது என்று தெரியாது. பத்துத் தற்காலிக உறுப்பினர்களில் ஒருவருடையது என்றால் தாங்கிக்கொள்ளலாம், நிரந்தர உறுப்பினருடையது என்றால் கதை முடிந்தது. 1996இல் அப்போதைய பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலியின் இரண்டாம் முறைக்கு 14 ஆதரவு, அமெரிக்காவின் ஒற்றை எதிர்ப்பு. போனது பதவி. 1981இல் பொதுச்செயலாளர் வால்ட்ஹைம் மூன்றாம் முறை வருவதைச் சீனா 16 தடவை வீட்டோ செய்தது. 2006இல் இந்தியாவின் சசி தரூர் 10 ஆதரவோடு இரண்டாமிடத்தில் இருந்தார், மூன்று எதிர்ப்புகளில் ஒன்று நிரந்தர உறுப்பினருடையது என்று தெரிந்ததும் விலகினார். இலங்கையின் ஜயந்த தனபால அதற்குச் சில நாள் முன்பே விலகிவிட்டார். 1995 அணு ஆயுதப் பரவல் தடை மாநாட்டைத் தலைமையேற்று நடத்திய அவரைப்போன்ற ஒருவருக்கே எண்கள் கூடிவரவில்லை.

ஜூலை 29

ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் கெவின் ரட்டை முன்மொழிய மால்கம் டர்ன்புல் அரசு மறுத்துவிட்டது. சாசனத்தில் அரசு முன்மொழிவு கட்டாயமில்லை. நடைமுறையில் சொந்த அரசே நிற்காதவருக்காக வேறெந்த நாடும் தன் செல்வாக்கைச் செலவழிக்காது. உள்நாட்டு ஒப்புதல் முதல் படி, அதை முடிக்காமல் வெளிநாடுகளில் ஆதரவு திரட்டினால் இதுதான் நடக்கும்.

ஆகஸ்ட் 29

மூன்றாவது வாக்கெடுப்பு. குட்டெரெஸ் 11–3–1, முதலிடம் அசையவில்லை, எதிர்ப்பு மட்டும் மூன்றாகியிருக்கிறது. கவனிக்க வேண்டியவர் ஸ்லோவாக்கியாவின் மிரோஸ்லாவ் லய்ச்சாக். முதல் சுற்றில் 7 ஆதரவு, ஆகஸ்ட் 5இல் 2, இன்று 9. அவர் தகுதி ஒரு மாதத்தில் இப்படி ஏறி இறங்கவில்லை. பேரத்துக்காகவும் ஆழம் பார்க்கவும் நாடுகள் சீட்டை மாற்றிப் போடுகின்றன. ஆகவே ஒரே சுற்றை வைத்து வேட்பாளரை விலக்கிக்கொள்வதும் தவறு, கொண்டாடுவதும் தவறு.

செப்டம்பர் 28

பல்கேரியா பொகோவாவைக் கைவிட்டு, ஐரோப்பிய ஆணையத் துணைத்தலைவர் கிறிஸ்டலினா ஜார்ஜியேவாவை முன்மொழிந்திருக்கிறது. கடைசித் தேதி இல்லாத கடிதத்தின் பலன் இது. நேற்று முன்தினம் நடந்த ஐந்தாவது சுற்றில் பொகோவாவுக்கு 6 ஆதரவு, 7 எதிர்ப்பு. பல்கேரிய அரசின் பதற்றம் புரிகிறது. ஆனால் பொகோவா விலக மறுத்துவிட்டார், அதனால் ஒரே நாட்டுக்கு இரண்டு பெயர்கள் களத்தில் நிற்கின்றன.

ஜார்ஜியேவா திறமைசாலி, ஆள் தேர்வில் குறையில்லை. நேரம்தான் தப்பு. மற்றவர்கள் மாதக்கணக்கில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்தபின் வருகிறவரை, பின்வாசலில் யாரோ கொண்டுவந்து நிறுத்தியதாகவே மற்ற நாடுகள் பார்க்கும். பெர்லின் ஆதரிக்கிறது என்ற பேச்சு மாஸ்கோவில் அவருக்கு உதவாது.

அக்டோபர் 5

இன்றுதான் நிரந்தர உறுப்பினர்களுக்கு வேறு நிறச் சீட்டு. பத்து வேட்பாளர்கள். குட்டெரெஸ் 13–0–2, ஐவரில் நால்வர் ஆதரவு, ஒருவர் கருத்தில்லை. ஐந்து சுற்றுகளாக மாஸ்கோ தடுக்கும் என்று ஓடிய ஊகம் ஒரு நொடியில் அடங்கியது. ஜார்ஜியேவா 5–8–2, எதிர்ப்பில் இரண்டு நிரந்தர உறுப்பினர்களுடையவை.

இம்மாதத் தலைவரான ரஷ்யத் தூதர் விட்டாலி சுர்கின், பதினான்கு சகாக்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பத்திரிகையாளர்களிடம் பெயரை அறிவித்தார். முறைப்படியான வாக்கெடுப்பு நாளை.

அக்டோபர் 13

பாதுகாப்புச் சபையின் 2311ஆம் தீர்மானம் 6ஆம் தேதி ஒருமனதாக வந்தது, இன்று பொதுச்சபை கைதட்டி நியமித்தது. பதவிக்காலம் 2017 ஜனவரி 1 முதல். பதின்மூன்று பேர் களமிறங்கியதில் ஏழு பேர் பெண்கள், ஒருவரும் வரவில்லை. கிழக்கு ஐரோப்பாவின் வாய்ப்பும் போனது, அந்தக் குழு ஒன்பது பெயர்களில் சிதறி நின்றது. பெயர் கொடுக்கக் கடைசித் தேதியும், ஒவ்வொரு சுற்றின் முடிவையும் அன்றே வெளியிடும் கடமையும் அடுத்த தேர்வுக்கு முன் பொதுச்சபைத் தீர்மானத்தில் ஏற வேண்டும். அதற்கான வரைவை இந்த அமர்வே தொடங்கலாம்.