வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் பத்து வாரம்

வெளியே சாப்பிடும் வேலை நாட்களில், வாரத்துக்கு மூன்று தரம், சுற்றி இருப்பவர்களைக் கவனித்து ஆளுக்கொரு வரியாவது எழுதுவது என்று தொடங்கினேன். இன்றோடு பத்து வாரம். கொப்பியில் 27 பக்கம் நிரம்பியிருக்கிறது. மூன்று தரம் தவறிவிட்டது. ஒரு நாள் பௌர்ணமி விடுமுறையான போயா விழுந்தது, இரண்டு நாள் காய்ச்சல்.

தொடங்கக் காரணம் ஒரு தம்பிதான். கொழும்பு காலி வீதியில் நான் மத்தியானம் சாப்பிடும் சைவக் கடையில் பரிமாறுகிறவர், ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. ஒரு நாள் இலையில் சோறு வைத்துக்கொண்டே, "அக்கா, இன்னைக்கும் தயிர் வேணாம்தானே?" என்று கேட்டார். இரண்டு வருடமாக அந்தக் கடையில் சாப்பிடுகிறேன். எனக்குத் தயிர் பிடிக்காது, ரசம் இரண்டாம் தரம் கேட்பேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே எங்கேனும் கண்டால் எனக்கு அவர் முகம் பிடிபட்டிருக்காது. ஃபோனைப் பார்த்தபடியே சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குப் பின்னேரமே ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன்.

முதல் இரண்டு வாரத்துப் பக்கங்கள் உதவாது. "கவலையான முகம்", "புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல" என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பதிவை இப்போது பார்த்தாலும் மனம் சங்கடப்படுகிறது. காலை ஏழு மணி, ஓர் அப்பாவும் மகளும். இடியப்பம் வந்தும் இருவரும் பேசவில்லை. மகள் பாதியில் கையை எடுத்துவிட்டாள். "வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்" என்று எழுதினேன். எழும்பும்போது மகள் ஃபைலைத் திறந்து பரீட்சை அனுமதி அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து கடுதாசியில் மடித்த திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டார். அதற்குப் பிறகு யாருடைய மனதிலும் என்ன இருக்கிறது என்று நான் எழுதுவதில்லை. கை என்ன செய்தது, அதை மட்டும்.

கைகளைப் பார்க்கத் தொடங்கியதும் பக்கங்கள் தாமாக நிறைந்தன. இடியப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் சொதியை மேலே ஊற்றி, ஊறும்வரை காத்திருப்பார்கள். சிலர் ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் ஒற்றி, பிறகு சொதியில் தோய்ப்பார்கள். ஒரு வயதான அம்மா ஒவ்வொரு இடியப்பத்தையும் நான்காக மடித்துத்தான் வாயில் வைப்பார். செவ்வாய்க்கிழமைகளில் வருவார், மூன்று தரமும் அப்படியே செய்தார். சாப்பிட்டு முடித்தவர்கள் வெட்டி வைத்திருக்கும் கடுதாசித் துண்டில் கையைத் துடைக்கிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் விரல் விரலாகத் துடைத்து, துண்டைச் சதுரமாக மடித்து பிளேட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

கோட்டை ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள தேநீர்க் கடைகள் வேறு உலகம். அங்கே ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் எல்லாவற்றையும் ஒரு பிளேட்டில் குவித்து மேசையில் வைத்துவிடுவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு. பரிமாறுகிறவர் பிளேட்டில் மிஞ்சியதை ஒரு பார்வையில் எண்ணிக் கணக்குச் சொல்லிவிடுவார். ஒரு புதன்கிழமை ஒரு தாய், "தம்பி, மகன் ஒன்றைக் கீழே போட்டுவிட்டான், அதையும் சேருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி, மேசைக்கு அடியில் கிடந்த கட்லட்டைக் காட்டினார். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே அதையும் சேர்த்தார். பத்து வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த பதிவு இதுதான். ஏன் என்று விளக்கத் தெரியவில்லை, திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறேன்.

ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போனால்தான் கிழமைகளின் வித்தியாசம் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் சைவக் கடையில் கதிரை கிடைக்காது. வெள்ளி மத்தியானம் பள்ளிவாசல்களில் ஜும்மா முடிந்ததும் பக்கத்துச் சோற்றுக் கடைகள் ஒரேயடியாக நிறையும். சம்பளம் வருவதற்கு முந்தின வாரம் மேசைகளில் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு வடையும்தான் அதிகம். சம்பளம் வந்த கிழமை பின்னேரத்தில் கொத்து ரொட்டிச் சத்தம் ஓயாது, குடும்பமாக வந்திருப்பார்கள்.

அளுத்கடைக்கு ஒரு தரம்தான் போனேன். நீதிமன்றங்கள் அங்கே இருப்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கோட்டுக்காரர்களோடு வழக்குக்கு வந்தவர்களும் ஒரே கடையில் உட்காருகிறார்கள். ஃபைலை மடியில் வைத்தபடி ஒரு பெண் பிளேன்ரீ மட்டும் சொல்லிவிட்டு, பையில் இருந்த வீட்டுச் சோற்றுப் பார்சலைத் தயங்கித் தயங்கி எடுத்தார். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வெறும் பிளேட்டையும் தண்ணீரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எனக்குச் சரிவந்த முறையைச் சொல்கிறேன். கைகழுவும் தொட்டி தெரிகிற மேசையைப் பிடியுங்கள், எல்லோரும் அந்த வழியால்தான் போகவேண்டும். பன்னிரண்டரை தொடக்கம் ஒன்றேகால்வரை சாப்பிட்டதும் எழும்பிவிட வேண்டும், அந்த நேரத்தில் கதிரையைப் பிடித்துவைப்பது கடைக்காரர் வயிற்றில் அடிப்பது. படம் எடுப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை, ஃபோனில் பேசுவது காதில் விழுந்தாலும் அது கொப்பிக்குள் வராது. கடைக்குள் எழுதவும் கூடாது. மனிதர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், கைகள் மாறிவிடும். நான் மரைன் டிரைவுக்கு நடந்துபோய், ரயில் பாதைப் பக்கமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதுகிறேன். அப்புறம் வேலைக்குத் திரும்பிவிடுவேன். முன்பு ஒரு சாப்பாட்டு வேளையில் மூன்று பேரைத்தான் நினைவில் வைத்திருப்பேன். இப்போது எட்டு ஒன்பது பேர் தங்குகிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை சைவக் கடைக்குப் பிந்திப் போனேன், மூன்றேகால் மணி. கடையில் ஆள் இல்லை. அந்தத் தம்பி கடைசி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தரம். சோறு, பருப்பு, ரசம். தயிரும் வைத்திருந்தார். வாசலில் யாராவது நிழலாடினால் கை நின்றுவிடும், ஆள் உள்ளே வராவிட்டால் மறுபடி பிசையத் தொடங்கும். ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார். எழும்பிப் போகும்போது என் மேசையில் கிடந்த வெறும் டம்ளரையும் இடது கையால் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரத்திலிருந்து கொட்டாஞ்சேனையில் காலைச் சாப்பாடு.